நிற உணர்வு, காட்சிக் கவனம் பக்கம் பிஎச்டி தேடிப் போனவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

களுவாஞ்சிக்குடியாள்:
இன்டர்வியூ எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். ஜேர்மனியில் நிற மாறாமை பற்றி ஆராய்கிற ஒரு கூடம். சூம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. லப்டொப்பில் சார்ஜ் இருந்தது, இணையம் போனில் இருந்து வந்தது, தப்பினேன். அம்மா சத்தமில்லாமல் குப்பி விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். என் பட்டப்படிப்பு ஆய்வைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் சட்டென்று நிறுத்தி, "கையில் இருக்கிற தாள் என்ன நிறம்?" என்றார். வெள்ளை என்றேன். "எனக்கு ஆரஞ்சாகத் தெரிகிறதே" என்றார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வெள்ளைதான் என்று திரும்பவும் சொன்னேன். ஏதோ எழுதிக்கொண்டார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இடம் கிடைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அது கேள்வியா, பகிடியா? இன்றைக்கும் விளங்கவில்லை.

மருதமுனைத் தறி:
நான் விண்ணப்பித்தவன் இல்லை, எங்கள் வீட்டுக்கு ஆய்வு வந்தது. வெளிநாட்டில் பிஎச்டி செய்கிற ஒரு ராத்தா, நெசவாளர்களின் கண்ணைச் சோதிக்க வந்திருந்தார். கண் நிறங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறது என்று பார்க்கிற பார்ன்ஸ்வர்த் மன்செல் பெட்டிதான். நாலு தட்டு, 85 வில்லை, நிற வரிசையில் அடுக்க வேண்டும். வாப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். ராத்தா பதறிப்போய், இந்த விளக்கின் கீழேதான் செய்ய வேண்டும் என்று மறித்தார். வாப்பா சொன்னார்: "மகள், நான் ஒருநாளும் லைட்டில் நூல் பார்த்து எடுத்ததில்லை." பிறகு உட்கார்ந்து மளமளவென்று அடுக்கினார். ஒரு வில்லையை மட்டும் தள்ளி வைத்து, "இதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அழுக்கு" என்றார். ராத்தா பேசாமல் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பாரிஸில் கோபலின் என்ற நெசவுக் கூடத்தின் சாயப் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற இரசாயன விஞ்ஞானியிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று முறைப்பாடு வந்ததாம். பார்த்தால் சாயத்தில் பிழையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்க வைத்தன. 1839 இல் அதைப் புத்தகமாகவே போட்டார். வாப்பாவுக்கு ஷெவ்ரலைத் தெரியாது. கருநீலத்துக்குப் பக்கத்தில் கறுப்பு ஓட்டக்கூடாது என்று தெரியும். அந்த ஆய்வறிக்கையில் வாப்பா ஒரு இலக்கமாக வருவார். முற்றத்துக்கு நடந்த கதை வருமா?

ஏறாவூர் நானா:
தங்கச்சி, அது பகிடி இல்லை, கேள்விதான். தாளில் விழுந்த வெளிச்சம் மஞ்சள். உங்கள் கண்ணும் மூளையும் அதைக் கழித்துவிட்டு வெள்ளை என்கின்றன, நிற மாறாமை என்பது அதுதான். கமராவால் அவ்வளவு கழிக்க முடியவில்லை. 2015 இல் ஒரு கவுண் படத்தை வைத்து உலகமே நீலம் கறுப்பா, வெள்ளை தங்கமா என்று சண்டை பிடித்ததே, அதுவும் இந்தச் சங்கதிதான். எந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்று ஆளாளுக்கு வேறு மாதிரி ஊகித்தார்கள். நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் அந்த ஆள் எழும்பி நின்றிருப்பார்.

மருதமுனைத் தம்பி, ராத்தா செய்தது சரி. ஆளுக்கொரு வெளிச்சத்தில் செய்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

என் கதை சின்னது. இங்கிலாந்தில் ஒரு இடத்துக்குப் போட்டேன், நிதி இல்லை என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

இனிப் போடப்போகிறவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கிற மேரி கியூரி டொக்டரல் நெட்வேர்க் பிஎச்டி இடங்களைப் பாருங்கள். எந்த நாட்டவரும் போடலாம், வேலை ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு. ஆனால் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போடுகிற நாட்டில் இருந்திருக்கக்கூடாது. அங்கே மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு அதே நாட்டுக்குப் போட நினைக்கிறவர்கள் இதிலேதான் மாட்டுகிறார்கள். இங்கிலாந்தில் யூகேஆர்ஐ என்கிற அரச ஆய்வு நிதி 2021 இல் இருந்து வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது, எடுக்கிற மாணவர்களில் அதிகபட்சம் 30 வீதம் வரை. கண் அசைவுக் கருவி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். இப்படிப் பரிசோதனைகள் செய்கிற சைக்கோபை மென்பொருள் இலவசம், அதில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து காட்டுங்கள். நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே இமெயிலை அனுப்பாதீர்கள், ஒவ்வொருவருடைய கடைசி ஆய்வையும் வாசித்துவிட்டு எழுதுங்கள். அப்புறம் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையை இப்போதே முடித்து வையுங்கள்.

திருக்கோவில் கரை:
எனக்குச் சிவப்பு பச்சை சரியாகப் பிரியாது. நிறப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்கிற இஷிஹாரா புத்தகத்தில் முதல் பக்கத்து 12 மட்டும்தான் எனக்கு ஒழுங்காகத் தெரியும், அது எல்லோருக்கும் தெரிகிற பக்கம். நிற உணர்வில் ஆய்வு செய்ய ஆசைப்பட்டு ஒரு பேராசிரியருக்கு எழுதினேன், என் கண்ணைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னேன். பதில் ஒற்றை வரி: "உங்களைப் போன்றவர்கள் எங்கள் பரிசோதனைகளுக்கு எப்போதும் தேவை, வருவீர்களா?" மாணவனாக இல்லை, பரிசோதிக்கப்படுகிறவனாக! விமான டிக்கெட் யார் தருவது என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை.

ஏறாவூர் நானா:
தம்பி மனம் தளராதீர்கள். விஞ்ஞானி ஜோன் டால்டனுக்கும் இதே கண்தான், 1794 இல் தன் கண்ணைப் பற்றித்தானே கட்டுரை வாசித்தார். செத்த பிறகு கண்ணை எடுத்து வைத்திருந்து, 1995 இல் மரபணுவைப் பார்த்து எந்த வகைக் குறை என்றும் கண்டுபிடித்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால்...

திருக்கோவில் கரை:
நானா, நான் புத்தி கேட்கவில்லை. என் கண்ணையும் எடுத்து வைக்கச் சொல்கிறீர்களா?

கல்லடி மிஸ்:
நானாவை யாராவது கொஞ்சம் நிறுத்துங்கள். என்னுடையது கவனம் பற்றியது. கூட்டத்துக்குள் ஒன்றைக் கண் எப்படித் தேடுகிறது என்கிற ட்ரைஸ்மனின் 1980 ஆய்வுக்கு உங்கள் ஊரில் இருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நிற்கிற தாயைச் சொன்னேன். எல்லோரும் வெள்ளைச் சீருடை, மகள் மட்டும் சிவப்பு ரிபன் என்றால் எத்தனை பிள்ளைகள் வந்தாலும் உடனே தெரியும். சிவப்பு ரிபன் கட்டின குட்டை முடிக்காரியைத் தேட வேண்டும், மற்றவர்களிலும் பாதிப் பேர் சிவப்பு ரிபன், மீதிப் பேர் குட்டை முடி என்றால் ஒவ்வொரு முகமாகப் போக வேண்டும், கூட்டம் கூடக்கூட நேரமும் கூடும். "எல்லோருமே சிவப்பு ரிபன், குட்டை முடி என்றால்?" என்று ஒரு பெண் விடாமல் கேட்டார். நடையை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்றேன். அதை எப்படி அளப்பீர்கள் என்றார். மிச்ச நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசினோம். இடம் கிடைத்துவிட்டது. இப்போது மகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று வீட்டில் தினமும் சண்டை. மாமி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், இவர் சம்மதிக்கிறார் இல்லை.