எதிரில் இருப்பவரின் முகபாவத்தைக் கருவி சொல்ல வேண்டுமா?

திருவாரூர்க்காரன்:
நான் பிறவியிலேயே பார்வையற்றவன், வங்கியில் வேலை. எதிரில் இருப்பவர் தலையாட்டுகிறாரா, முகம் சுளிக்கிறாரா, என்னிடம் பேசுகிறாரா பக்கத்து ஆளிடமா என்று சொல்லும் கருவி நமக்கு வேண்டும். இதற்கான ஆராய்ச்சி பழையது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், சென்னையில் பிறந்த சேதுராமன் பஞ்சநாதன் நிறுவிய கியூபிக் ஆய்வகம் பல வருடங்களுக்கு முன்பே இதில் இறங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியில் கேமரா. எதிரே நிற்பவர் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதை இடுப்பு பெல்ட் அதிர்ந்து சொல்லும். 2010-ல் ஒரு கையுறையும் செய்தார்கள். விரல்களின் மேற்புறத்தில் 14 குட்டி மோட்டார்கள், ஒவ்வொரு முகபாவத்துக்கும் ஒரு தினுசு அதிர்வு. காதைத் தொடாமல் விட்டதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் காதில் இன்னொரு குரல் ஓதினால் இரண்டுமே புரியாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்காகப் போராடிய நம் சங்கங்கள் இதையும் கேட்க வேண்டும்.

வெண்கோல்:
தம்பி, நானும் முழுப் பார்வையற்றவள்தான், பள்ளி ஆசிரியை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முகத்தைப் பார்த்து மனதைச் சொல்லலாம் என்ற அடிப்படையே ஆட்டம் கண்டிருக்கிறது. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் இன்னும் நான்கு ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி 2019-ல் எழுதினார்கள். கோபத்தில் இருக்கும் மனிதர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வது சராசரியாகச் சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் கருவி என்ன சொல்லும்? மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூனில் தன் முக மென்பொருளிலிருந்து உணர்ச்சி கணிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்துவிட்டது. குரல் நமக்குப் போதும். முகமும் குரலும் சேர்ந்து கிடைத்தவர்களைவிடக் குரல் மட்டும் கேட்டவர்கள் அடுத்தவர் உணர்ச்சியைச் சரியாகக் கணித்தார்கள் என்று யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிரவுஸ் 2017-ல் ஆய்வு வெளியிட்டார். என் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் புரியவில்லை என்பதை பெஞ்சு நகரும் சத்தமே எனக்குச் சொல்லிவிடும்.

திருவாரூர்க்காரன்:
அக்கா, அந்த அறிவிப்பில் பாதியைத்தான் சொன்னீர்கள். சுற்றிலும் இருப்பதைக் குரலில் சொல்லும், பார்வையற்றோருக்கான அவர்களின் சீயிங் ஏஐ செயலியில் அந்த வசதி தொடரும் என்றும் அதிலேயே சொன்னார்கள். அந்தச் செயலியை உருவாக்கிய குழுவின் தலைவர் சாகிப் ஷேக்கும் பார்வையற்றவர். அப்புறம், தலையாட்டலுக்குக் குரல் ஏது? ஒரு கூட்டத்தில் அதிகாரி எழுந்து போனது தெரியாமல் நான் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டே இருந்தேன். அறையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சாளரம்:
பார்வையுள்ளவன் நான், தலையிடுவதற்கு மன்னியுங்கள். என் முகத்தை உங்கள் கேமரா படிக்க நான் சம்மதிக்கவில்லையே? வேலையிடத்திலும் பள்ளியிலும் கருவி வைத்து உணர்ச்சியைக் கணிப்பதற்கு 2025 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டுமே விலக்கு.

திருவாரூர்க்காரன்:
சார், ஊழியர்களை முதலாளி கண்காணிப்பார் என்ற பயத்தில் வந்த தடை அது. உங்கள் கண் என் முகத்தை நாள் முழுக்கப் படிக்கிறது. அதற்கு நீங்கள் யாரிடமும் சம்மதம் கேட்டதில்லை.

கொல்லிமலை:
எனக்கு நடுவயதில் பார்வை போனது, இரண்டு பக்கமும் தெரியும். மைக்ரோசாஃப்ட்டின் பீப்பிள்லென்ஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. பார்வையற்ற பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது, தலையில் மாட்டும் கருவி. பிள்ளை ஒருவர் பக்கம் திரும்பினால் அவர் பெயர் அவர் இருக்கும் திசையிலிருந்தே காதில் விழும். முன்பே பதிவு செய்துகொண்டவர் பெயரை மட்டும்தான் சொல்லும். அந்தத் திட்டத்தின் கருவியில் நெற்றிப் பக்கம் ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். கருவி தன்னைக் கவனிப்பது எதிரே நிற்பவருக்கும் அதில் தெரிந்துவிடும். சாளரம் சார் கேட்டதற்கு இது ஓரளவு பதில். உணர்ச்சி பக்கமே போகாமல் யார், எங்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறது பாருங்கள்.

வெண்கோல்:
அந்தப் பிள்ளை ஏன் திரும்ப வேண்டும்? பேசும் முன் பெயரைச் சொல்லும் பழக்கம் என் வகுப்பில் இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாகச் செய்கிறார்கள். கருவி வந்தால் முதலில் சாவது இந்தப் பழக்கம்தான். "உங்க மெஷின் சொல்லியிருக்குமே டீச்சர்" என்பார்கள். மாற வேண்டியவர்களை விட்டுவிட்டு நம் தலையில் கருவியை மாட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

திருவாரூர்க்காரன்:
வகுப்பில் சரி. கல்யாண மண்டபத்தில், நேர்முகத் தேர்வில் யாருக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பீர்கள்? ஒன்று ஒத்துக்கொள்கிறேன். "கோபமாக இருக்கிறார்" என்ற தீர்ப்பு எனக்கும் வேண்டாம். புருவம் நெரிந்திருக்கிறது என்று மட்டும் சொல்லட்டும், மீதியைக் குரலோடு சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாளரம்:
பிறவியிலேயே பார்வையற்றவருக்குப் புருவம் நெரிவது என்றால் என்ன என்று எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

திருவாரூர்க்காரன்:
என் முகத்திலும் புருவம் இருக்கிறது, சார். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஜூடோ வீரர்கள் வென்றபோதும் தோற்றபோதும் எடுத்த படங்களை வைத்து உளவியலாளர் டேவிட் மட்சுமோட்டோ 2009-ல் எழுதினார். பிறவியிலேயே பார்வையற்றவர்கள் முகத்திலும் பார்வையுள்ள வீரர்கள் முகத்தில் தெரிந்த அதே அசைவுகள்தான். யாரையும் பார்த்துக் கற்றது இல்லை அது.

வெண்கோல்:
அது உண்மை, நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆள் எழுந்து போனதை, கை நீட்டியதை மட்டும் சொல்லும் கருவி வந்தால் நாளைக்கே வாங்குவேன். முகத்தைப் படிக்கும் கருவிக்கு என் சங்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போட மாட்டேன், தம்பி.