தக்காளியை ஃபிரிட்ஜில் வைப்பதா, வெளியில் வைப்பதா? கொஞ்சம் அவசரம்

புதுவயல் பெண்: எல்லாருக்கும் வணக்கம். ஊரை விட்டு வெளிநாடு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை இவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். வெள்ளைப் பணியாரத்துக்குத் தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி அரைத்துப் பார்த்தேன். மணமே இல்லை, வெறும் புளிப்புத் தண்ணீர். இன்னும் ஒரு பெட்டித் தக்காளி ஃபிரிட்ஜில் கிடக்கிறது. அதை எப்படி வைத்திருந்தால் சுவை இருக்கும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள், பயமாக இருக்கிறது.

தேவகோட்டைக்காரன்: தங்கச்சி, முதலில் இந்த ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற மிக்ஸி வாங்குங்கள். ஆத்தா கொடுத்தனுப்பிய 230 வோல்ட் மிக்ஸி இங்கே 120 வோல்ட்டில் முனகியது. முதல் குளிர்காலம் முழுக்க எனக்கு ரொட்டியும் ஊறுகாயும்தான்.

பள்ளத்தூர் ஆச்சி: ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. ஊரில் நாட்டுத் தக்காளியைக் கூடையோடு வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள்தான் வைப்போம். அந்தக் கனத்த சுவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

கோனாபட்டு தம்பி: ஆச்சி, துபாய்க் கோடையில் அது நடக்காது. வெளியில் வைத்தால் பூசணம்தான். ஃபிரிட்ஜில் வைப்பதே சரி.

ராயவரம்: தக்காளி மட்டுமா? ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குக் கேட்கிற விலையில் ஊரில் ஒரு செடியே வாங்கிவிடலாம். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் எப்படித்தான் சமாளித்தார்களோ.

தேவகோட்டைக்காரன்: வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கண்டனூர்: பேச்சு எங்கேயோ போகிறது. தங்கச்சி, எந்த ஊரில் இருக்கிறீர்கள்? பழம் கனிந்ததா, கெட்டியா? அடுப்படியில் எவ்வளவு சூடு?

புதுவயல் பெண்: கனடா, எட்மன்டன். ஹீட்டர் 21 டிகிரி. பாதிப் பழம் வெளிர்சிவப்பு, கெட்டி. முந்தாநாள் வாங்கியது.

கண்டனூர்: நல்லவேளை, நாள் ஆகவில்லை. எல்லாவற்றையும் இப்போதே வெளியில் எடுங்கள். குளிரில் இனிப்பும் புளிப்பும் அவ்வளவாகக் குறையாது, போவது மணம்தான். சுமார் 12 டிகிரிக்குக் கீழே மணப்பொருள்களை உண்டாக்கும் வேலை பழத்துக்குள் மந்தமாகிவிடும். ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரியில் 7 நாள் இருந்த பழத்தை வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தும் மணம் முழுதாகத் திரும்பவில்லை. 3 நாள் வரை பெரிய சேதமில்லை.

காம்புத் தழும்பு கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். ஈரம் வெளியேறுவதும் பூசணம் நுழைவதும் அந்த வழியாகத்தான். கழுவ வேண்டாம். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஹீட்டர் பக்கமும் வேண்டாம். கெட்டிப் பழங்களைக் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள். வாழை விடும் எத்திலீன் வாயுவில் சீக்கிரம் கனியும்.

கோனாபட்டு தம்பி சொன்னது அவர் ஊருக்குப் பொருந்தும். நன்றாகக் கனிந்து, வீடும் வெக்கையாக இருந்தால் ஃபிரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும். சாப்பிடுவதற்கு முன்னால் வெளியில் எடுத்துக் குளிர் போக விட வேண்டும். மீந்து தளர்ந்ததை முழுதாக ஃப்ரீசரில் போடுங்கள். உருகும்போது தோல் தானே கழன்றுவரும், தொக்குக்கு ஆகும்.

பள்ளத்தூர் ஆச்சி: அதுவும் சரிதான். ஆத்தா, ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சம் செர்ரித் தக்காளியும் வாங்கிக்கொள். குளிர்காலத்தில் அதில்தான் கொஞ்சம் சுவை இருக்கும். வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் சுருள வதக்கி அரை. பணியார மாவை முதல் நாளே அரைத்து வைத்துவிடாதே, புளிக்கக் கூடாது. அரைத்ததும் ஊற்று.