வாசிகசாலையும் மாலை வகுப்பும் ஒரே மண்டபத்தில்: நடுச்சுவர் எப்படி வைக்கிறது?

பெரியகல்லாற்றான்:
வணக்கம். சனசமூக நிலையத்துக்கு 40 × 20 அடியில் புது மண்டபம் கட்டப்போறம். பாதி வாசிகசாலை, பாதி மாலை வகுப்பு. நடுவில 4 அடி அரைச்சுவர், கூரைக்குத் தகரம் எண்டு பிளான் கீறியிருக்கு. றோட்டு கிழக்குப் பக்கம், நீளப்பக்கமும் றோட்டைப் பார்த்தபடி. காணி 60 × 70 அடி. என்ன மாத்தலாம்?

கூரைமுகடு:
முதலில கட்டடத்தைத் திருப்புங்கோ. 20 அடிப் பக்கம் றோட்டுக்கு, 40 அடிச் சுவர்கள் வடக்கும் தெற்கும். காலை, பின்னேர வெயில் தாழ்வாக வாறதால கிழக்கு மேற்கு யன்னலை எந்தத் தாழ்வாரமும் மறைக்காது. வடக்கு தெற்கு யன்னல்களுக்கு 3 அடித் தாழ்வாரம் காணும். வாடை மழை வடகிழக்காலே அடிக்கும், அதனால வடக்கில 4 அடி விடுங்கோ. ஆனால் தாழ்வாரம் நீண்டால் புயல் அதைப் பிடிச்சு மேலே தூக்கும். 1978 நவம்பரில மட்டக்களப்பை அடிச்ச புயலை மறந்த ஊர் இல்லையே. சுவர்த்தட்டை, அதாவது கூரைமரம் தாங்குற சுவர்மேல் மரத்தை, பீம் கொங்கிறீற்றுக்குள்ள புதைச்ச போல்ட்டால இறுக்கோணும், ஆணி போதாது. விறாந்தைக் கூரையைத் தனியாகக் கட்டினால், அது பிய்ஞ்சாலும் பெரிய கூரை நிக்கும்.

தகரம் வேணாம், மார்கழி மழையில ஆசிரியர் பேசுறது கேக்காது. ஓடுதான்.

எதிரொலி:
அரைச்சுவர் ஒண்டுக்கும் உதவாது, சத்தம் மேலால போகும். நடுச்சுவரை ஓட்டுக்கு அடிவரைக்கும் கட்டுங்கோ. சீலிங்கோட நிப்பாட்டினால் சீலிங்குக்கு மேலால சத்தம் தாண்டும். கூடுதலாக நடக்கிற பிழை இதுதான். 4½ அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் சாந்து. கட்டடத்தைத் திருப்பினால் வடக்கு தெற்காகக் காற்று ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக வரும், சுவர் மறிக்காது.

அடுத்தது எதிரொலி. 11 அடி உயரமெண்டால் முழு மண்டபமும் ஏறக்குறைய 250 கன மீற்றர். வெறும் சிமெந்து நிலம், பூசின சுவர், 20 பேர்: முழக்கம் அடங்க 2 செக்கனுக்கு மேல் எடுக்கும். படிக்கிற இடத்துக்கு 0.7 செக்கன் வேணும். அதுக்கு சீலிங்தான் உறிஞ்சோணும். துளையில்லாத ஜிப்சம் போர்ட் அடிச்சால் காசு போகும், எதிரொலி போகாது. துளைப் பலகைக்குப் பின்னால மினரல் வூல் (சத்தம் உறிஞ்சுற பஞ்சு மாதிரி) வையுங்கோ. அதுக்குப் பதிலா மினரல் ஃபைபர் சீலிங் தட்டெண்டால் ஈரம் தாங்குற வகை கேளுங்கோ, இல்லாட்டி மாரியில தொய்ஞ்சு தொங்கும்.

பெரியகல்லாற்றான்:
நன்றி அண்ணன். கூட்டத்துக்கு இரண்டையும் ஒண்டாக்கோணுமே? மடிப்புக் கதவு போட்டால்?

எதிரொலி:
மடிப்புக் கதவு இடுக்கால கசியும் தம்பி. 6 அடி அகல இரட்டைக்கதவு, கனமான பலகை, சுற்றிவர றப்பர் பட்டி. கீழே அரை அங்குல இடைவெளி விட்டாலே சுவருக்குச் செலவழிச்சது வீண். கூட்டத்துக்கு ஒரு அறையில மேடை, மற்ற அறையில கதிரை.

கூரைமுகடு:
இன்னுமொண்டு. உப்புக்காத்து ஊர் எண்டபடியால கம்பிக்கு 2 அங்குல கொங்கிறீற் மூடல், கலக்க உவர்க்கிணத்துத் தண்ணி வேணாம். விளக்கை ஃபேன் இறகுக்கு மேலே பொருத்தினால் நிழல் வெட்டி வெட்டி வாசிக்கிறவருக்குத் தலையிடி வரும், இறகுக்கு வெளியால கீழே தொங்கவிடுங்கோ. புத்தகத் தட்டு 3 அடிக்கு மேல் தாங்கி இல்லாமல் நீட்டினால் வளையும்.