தம்பி குடிப்பதில்லை, ஆனால் மூன்று இரவுகளாகத் தூங்கவில்லை

பாலக்கோடு அக்கா:

தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவள் நான். வயது 41. வரவு செலவு எழுதிப் பழகிய கை, இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் தம்பிக்கு 26. ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் இடத்தில் ஒப்பந்த வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். எங்கள் அப்பா குடித்தே போனவர். அதனால் எந்த ஆண்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தாலும் அம்மா பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்துவிடுவாள். தம்பி அந்தச் சோதனையில் ஒருநாளும் தோற்றதில்லை. 'என் பிள்ளை ஒரு சொட்டு தொடமாட்டான்' என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

சித்திரையிலிருந்து ஆள் மாறினான். முதலில் நல்ல மாற்றமாகத்தான் தெரிந்தது. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தான். லீவுக்கு வந்தால் படுக்காமல் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினான், மாட்டுக் கொட்டகைக்கு ஓடு மாற்றினான். 'இப்போதுதான் பையனுக்குப் பொறுப்பு வந்திருக்கிறது' என்றார் மாமா. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பெண் பார்க்கவே ஆரம்பித்தோம். காவேரிப்பட்டணத்தில் பேசி முடித்து, ஆவணியில் நிச்சயம் என்று வைத்திருக்கிறோம்.

ஆடிப்பெருக்குக்கு வந்தவன் மூன்று இரவு கண் மூடவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை எழுந்து பார்த்தால், கூடத்தில் செய்தித்தாளை விரித்து எங்கள் மிக்ஸியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி வைத்திருக்கிறான். திருகாணிகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தி, மறுபடி கலைத்து, மறுபடி வரிசைப்படுத்துகிறான். மிக்ஸியில் ஒரு கோளாறும் இல்லை. களி உருண்டையைக் கிள்ளிக்கூடப் பார்க்கவில்லை. தாடை ஓயாமல் அரைபடுகிறது. தோலுக்குள் எறும்பு ஊர்கிறது என்று முன்கையைப் புண்ணாகும்வரை சொறிகிறான். எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஆள் நின்று தன்னையே பார்ப்பதாகச் சொல்லி ஜன்னலைச் சாத்துகிறான். அங்கே காய்ந்துகொண்டிருந்தது புடவை.

சட்டைப்பையில் கண்ணாடிச் சில்லு போல ஒரு துணுக்கு இருந்தது. அம்மா அதைப் படிகாரம் என்று நினைத்து சாமி அலமாரியில் வைத்துவிட்டாள்! அறை நண்பனுக்குப் போன் செய்து மிரட்டிக் கேட்ட பிறகுதான் 'மெத்' என்றான். 'பயப்படாதீர்கள் அக்கா, கஞ்சா மாதிரி இல்லை, வாசனையே வராது' என்று எனக்கு ஆறுதல் வேறு.

அம்மா செய்வினை என்கிறாள். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை பைரவருக்குப் பூசணிக்காய் விளக்குப் போட வேண்டுமாம். நான் கேட்பது இதுதான்: இவன் தேறுவானா? ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் போலீஸ் வழக்கு வருமா? பெண் வீட்டாரிடம் சொல்வதா, வேண்டாமா?

அரூர் பெரியவர்:

அம்மா, இதெல்லாம் பெங்களூருப் பணக்காரப் பிள்ளைகளின் விவகாரம். நம் பக்கத்துக்குச் சாராயம்தான் சாபம். பையன் குடிக்கவில்லை, சிகரெட் இல்லை, உழைக்கிறான் என்கிறீர்கள். ராத்திரி ஷிப்ட் பார்ப்பவனுக்குத் தூக்கம் கெடுவது சகஜம். கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். வெளியே சொல்லி நீங்களே பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிருஷ்ணகிரி மருந்துக்கடை:

பெரியவர் மன்னிக்க வேண்டும். அந்த அம்மா எழுதியது ஷிப்ட் மாறிய தூக்கக்கேடு இல்லை. பசி செத்தது, தாடை அரைவது, தோலுக்குள் பூச்சி, யாரோ பார்க்கிறார்கள் என்ற பயம் எல்லாம் மெத், அதாவது மெத்தம்பெட்டமைன், மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கொட்டித் தீர்ப்பதால் வருவன. செய்வினையும் இல்லை. உடம்பில் இருப்பதில் பாதி கழியவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்ததைப் போட்டால் மூன்று இரவு எங்கே, ஐந்து இரவுகூட விழித்திருப்பார்கள். இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், உடம்பு கொதிக்கும். இளவயதிலேயே பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. வாய் உலர்ந்து, பல்லைக் கடித்துக் கடித்துப் பல்லும் போகும்.

நாம் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பில், நாட்டில் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம், மெத்தும் அடங்கிய ஆம்பெட்டமைன் வகை எடுப்பவர்கள் 0.18 சதவீதம். ஆயிரத்தில் இரண்டு பேர்கூட இல்லை. குடிகாரனை நூறு முறை பார்த்த கண்ணுக்கு, தள்ளாடாதவன் எல்லாம் தெளிந்தவன்தான்.

இது உழைக்க வைக்கும் சரக்காகத்தான் உலகத்துக்கே அறிமுகமானது. 1893இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி எபெட்ரினிலிருந்து உருவாக்கினார். ஜெர்மனியில் 1938 முதல் பெர்விட்டின் என்ற பெயரில் மாத்திரையாக விற்றார்கள், போரில் சிப்பாய்களுக்கும் கொடுத்தார்கள். ஜப்பானில் அதன் பெயர் பிலோபான். 'உழைப்பை நேசிப்பவன்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். போர் முடிந்து மிச்ச இருப்பெல்லாம் சந்தைக்கு வந்து ஊரே அடிமையான பிறகு, 1951இல் தனிச்சட்டம் போட்டு அடக்க வேண்டியிருந்தது. உங்கள் மாமா 'பொறுப்பு வந்திருக்கிறது' என்றாரே, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தேறுவானா என்றால், தேறுகிறார்கள். ஆனால் இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து கிடையாது. பேச்சு வழிச் சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும்தான். பயமும் பிரமையும் அடங்க மருத்துவர் மாத்திரை தருவார். என் கடையிலோ வேறு கடையிலோ தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நெஞ்சுவலி, கடுங்காய்ச்சல், சித்தம் கலங்குவது என்று எது வந்தாலும் 108. மற்றபடி 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணமில்லை.

தருமபுரி வக்கீல் குமாஸ்தா:

வழக்குப் பயத்துக்கு மட்டும் பதில். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பயன்படுத்தியவரோ சிறிய அளவு வைத்திருந்தவரோ தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு. மெத்துக்குச் சிறிய அளவு 2 கிராம் வரை. 50 கிராமைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. அறையில் மற்றவர்களுக்கும் சேர்த்து இவன் வாங்கி வருகிறானா என்று விசாரியுங்கள், அது வேறு கதை. சாமி அலமாரியில் இருக்கும் 'படிகாரத்தை' முதலில் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பெரியவருக்கு ஒரு வார்த்தை: 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரே மீன்பிடிப் படகில் ஏறத்தாழ 5,500 கிலோ மெத் பிடிபட்டது. அத்தனையும் நம் நாட்டுக்கே என்று சொல்லவில்லை. ஆனால் நாலு பணக்காரப் பிள்ளைகளுக்காக யாரும் டன் கணக்கில் ஏற்றமாட்டார்கள்.

ஓசூர் ஓட்டுநர்:

அக்கா, எனக்கு 34. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி மதுரைக்கு இரவோடு இரவாக ஓட்டுவேன். விட்டு 11 மாதம் ஆகிறது.

தொடங்கியது தூக்கத்தை விரட்டத்தான். ஒரு மாதம் ராஜா மாதிரி இருந்தது. முதலாளி மற்றவர்களிடம் என்னைக் காட்டி 'இவனைப் பாருங்கள்' என்பார். எடை 64லிருந்து 49 ஆனது. வண்டியில் தனியாகப் பேசிக்கொண்டு போவேன். ஓர் இரவு தொப்பூர் இறக்கத்தில் சாலை நடுவே ஒரு சிறுவன் கன்றுக்குட்டியோடு நிற்கக் கண்டு பிரேக்கை மிதித்தேன். சிறுவனும் இல்லை, கன்றும் இல்லை. பின்னால் வந்த லாரி எப்படி விலகியதென்று இன்றுவரை தெரியவில்லை. இறங்கி ஓரமாக உட்கார்ந்து அழுதேன்.

விட்ட பிறகுதான் கஷ்டம். முதல் மூன்று நாள் பிணம் போலத் தூக்கம், எழுந்தால் அகோரப் பசி. அதைப் பார்த்து வீட்டில் 'சரியாகிவிட்டான்' என்று நினைத்தார்கள். அதன்பிறகு வந்த இரண்டு வாரம்தான் நரகம். நாட்டுக்கோழிக் குழம்பு மண் மாதிரி, பிள்ளைகள் சிரித்தால் எரிச்சல், செத்துவிடலாம் என்ற நினைப்பு. அந்த நாட்களில் அவனைத் தனியாக விடாதீர்கள். இன்னொன்றும் நடக்கும். சரக்குப் போட்டபோது 'சுறுசுறுப்பானவன்' என்ற அதே வாய்கள், விட்ட பிறகு 'சோம்பேறி ஆகிவிட்டான்' என்றன. உங்கள் மாமாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

போன் எண்ணை மாற்றுங்கள், அந்த அறைக்கு அனுப்பாதீர்கள். எனக்குச் சம்பள நாள் வந்தாலே கை அரிக்கும். அதனால் இன்றுவரை சம்பளம் மனைவி கணக்கில்தான் விழுகிறது.

கால்கட்டு பற்றிச் சொன்ன ஐயாவுக்கு: எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் இது தொடங்கியது.

பாலக்கோடு அக்கா:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

மிக்ஸியைப் பூட்டுகிற வேலையில் இருந்தவனிடம் 'படிகாரம் என்னிடம்தான் இருக்கிறது' என்றேன். நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்றுதான் நினைத்தேன். 'அம்மாவுக்குத் தெரியுமா' என்று மட்டும் கேட்டான். மறுநாள் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், தனியாக உட்கார்த்திப் பேசினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். போலீஸ் என்ற பேச்சே எழவில்லை. ஓட்டுநர் சொன்ன வரிசை அப்படியே நடக்கிறது: முதலில் தூக்கம், பிறகு பசி, இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். இரவில் அவன் அறைக் கதவைக் கழற்றி வைத்திருக்கிறோம். அம்மா பூசணிக்காய் விளக்கும் போட்டாள், நான் தடுக்கவில்லை.

பெண்ணின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். பையனிடம் ஒரு விஷயம் இருக்கிறது என்று ஆரம்பித்தவுடனே, 'குடியா?' என்றார். இல்லை என்றேன். 'அப்புறம் என்னம்மா?' என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு போனை வைத்திருக்கலாம்தான். மெத் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மிக்ஸி கதையிலிருந்து முழுவதும் சொன்னேன். கடைசியில், தை வரை எதுவும் பேச வேண்டாம், பெண்ணிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். மாமா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஓட்டுநர் தம்பி, ஒரு சந்தேகம். அந்த அறையிலிருந்து தினம் நாலைந்து அழைப்பு வருகிறது. எண்ணை மாற்றலாம் என்றால், பி.எப்., வங்கி, ஆதார் எல்லாம் அதே எண்ணில் இருக்கின்றன. நீங்கள் எதை முதலில் மாற்றினீர்கள்?