ரெவிட்: ஒரு மாடியில் மட்டும் ரிடியூசரின் நேர்ப்பக்கம் மாறி வருகிறது

கொண்டாவில்காரி:
வணக்கம். கொண்டாவிலில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஏசி டக்ட்டுகளை, அதாவது குளிர்காற்று போகிற தகரக் குழாய்களை, ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் மாடல் செய்வதுதான் தொழில். மூன்று நாளாக ஒரு பிழை என்னை விடவில்லை.

யாழ்ப்பாண நகரில் மூன்று மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் கொரிடோர் நீளத்துக்குச் சுவரோரமாக மெயின் டக்ட் போகிறது, 600×400 இலிருந்து 400×300 ஆகக் குறைகிறது (அகலம்×உயரம், மி.மீ.). குறைகிற இடத்தில் இரண்டையும் இணைக்கிற துண்டுதான் ரிடியூசர். மேலே பீம், ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் கேபிள் ட்ரே. அதனால் ரிடியூசரின் மேல்பக்கமும் சுவர்ப்பக்கமும் நேராக நிற்க வேண்டும். எந்தப் பக்கங்கள் ஒரே நேரில் நிற்க வேண்டும் என்பதைத் தெரிவு செய்கிற ஜஸ்டிஃபிகேஷனில் லெஃப்ட், டாப் என்று வைத்துத்தான் வரைந்தேன். முதல் இரண்டு மாடியும் வடிவாக வந்தன. மூன்றாவதில் மேல்பக்கம் சரி, ஆனால் சரிவு சுவர்ப்பக்கம் விழுகிறது. பெரிய டக்ட் 200 மி.மீ. சுவருக்குள் புகுந்து நின்றது. முழு லைனையும் வெளியே நகர்த்தினேன், இப்போது சின்ன டக்ட் சுவரை விட்டு 200 மி.மீ. விலகி நிற்கிறது. ரிடியூசரை அழித்துத் திருப்பி வைத்தாலும் அதேதான். அதே டக்ட் டைப், அதே ஃபமிலி (ரெவிட்டில் ஒரு பொருளின் மாதிரிக் கோப்பு). எனக்கு விளங்கவில்லை. இந்தக் கிழமை பட்டறைக்குப் படம் போக வேண்டும்.

உரும்பிராயான்:
தங்கச்சி, மூன்றாம் மாடியை எந்த முனையிலிருந்து வரையத் தொடங்கினீர்கள்?

கொண்டாவில்காரி:
அந்த மாடியில் ஏ.எச்.யூ. (காற்றைக் குளிர்வித்து டக்ட்டுக்குள் அனுப்புகிற இயந்திரம்) அறை எங்கே என்று அப்போது முடிவாகவில்லை அண்ணை. அதனால் கடைசி முனையிலிருந்து உள்ளே வரைந்து வந்தேன். மற்ற இரண்டும் ஏ.எச்.யூ. பக்கத்திலிருந்து.

உரும்பிராயான்:
அங்கேதான் இருக்கிறது. லெஃப்ட் என்பது கட்டடத்தின் இடது பக்கம் அல்ல, நீங்கள் வரைந்து போகிற திசைக்கு இடது பக்கம். நல்லூர்க் கோயிலுக்குப் போகும்போது இடது கைப்பக்கம் இருக்கிற மதில், வீடு திரும்பும்போது வலது கைப்பக்கம் வந்துவிடும் அல்லவா? டாப் மட்டும் எந்தத் திசையில் போனாலும் டாப்தான், அதனால்தான் மேல்பக்கம் பிழைக்கவில்லை. ஃபமிலியில் குற்றமில்லை.

அழித்து வரையத் தேவையில்லை. அந்த லைனைத் தேர்ந்து மேலே ஜஸ்டிஃபை என்பதை அழுத்துங்கள். ஒன்பது நிலைகளுக்கான பட்டன்கள் வரும். கூடவே கன்ட்ரோல் பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது, எந்த முனையை வைத்து மற்றவை ஒழுங்காக வேண்டும் என்பதை அதுதான் மாற்றும். அதைச் சரியான முனைக்குக் கொண்டுபோய், பிறகு பக்கத்தைத் தெரிவு செய்து ஃபினிஷ் கொடுங்கள். த்ரீடி வியூவைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள், பிளானில் மேல்பக்கம் நேராக நிற்கிறதா என்று தெரியாது. கிளை டக்ட்டுகள் விடுபடவில்லையா என்றும் ஒருக்கா பாருங்கள்.

சுன்னாகம் தகரப்பட்டறை:
படம் வருவதற்கு முன் கேட்டது நல்லது பிள்ளை. உயரம் மாறாமல் அகலம் மட்டும் குறைகிற ரிடியூசர் என்றால், 600×300 இலிருந்து 400×300 மாதிரி, பக்கம் மாறி வந்தாலும் நாங்கள் அதைத் தலைகீழாகப் பிரட்டிப் பூட்டிவிடுவோம். உங்களுடையது இரண்டு பக்கம் நேர். பிழையாக வந்ததைப் பிரட்டினால் சுவர்ப்பக்கம் சரியாகும், ஆனால் மேலே நேராக நின்றது கீழே போய்விடும். எப்படிப் பிரட்டினாலும் பொருந்தாது. வெட்டி மடித்த தகடு அப்படியே கழிவுதான். படத்தில் காற்றுப் போகிற திசைக்கு ஒரு அம்புக்குறியும், நேர்ப்பக்கத்தில் 'நேர்' என்று ஒரு சொல்லும் போட்டால் எங்களுக்குக் காணும்.

கொண்டாவில்காரி:
வந்துவிட்டது! கன்ட்ரோல் பாயின்டை ஏ.எச்.யூ. முனைக்கு மாற்றியதும் மூன்றாம் மாடியும் சுவரோடு ஒட்டி நின்றது. அம்புக்குறியும் 'நேர்' என்ற சொல்லும் எல்லா ரிடியூசருக்கும் போட்டுவிட்டேன் ஐயா. இன்னொன்று, வெளியிலிருந்து கிடைத்த ஒரு எல்போ (டக்ட் திரும்புகிற வளைவுத் துண்டு) ஃபமிலி. 400×300 டக்ட்டில் பூட்டினால் எல்போ மட்டும் 300 அகலத்தில், நிமிர்ந்து நிற்கிறது. இதுவும் திசையாலா?

உரும்பிராயான்:
இல்லை, இது ஃபமிலிக்குள் இருக்கிற பிழை. ஃபமிலியைத் திறந்து அகலத்துக்கு 600, உயரத்துக்கு 200 கொடுங்கள். எல்போவின் உடம்பு ஒரு மாதிரியும், டக்ட் வந்து சேருகிற முனையான கனெக்டரின் சட்டம் வேறு மாதிரியும் நின்றால், கனெக்டரில் அகலமும் உயரமும் இடம் மாறிக் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு கனெக்டரிலும் மாற்றிக் கட்டுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விட்டால் மற்ற முனையில் அதே கதை வரும்.

கொண்டாவில்காரி:
ஒரு முனையில்தான் மாறியிருந்தது அண்ணை. மற்றது சரியாகவே இருந்தது. இப்போது 400×300 இல் சரியாகப் படுக்கிறது. படம் நாளைக்குச் சுன்னாகத்துக்கு வரும் ஐயா.