அடிசன் நோயோட வெளிநாடு போனவங்க இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரியில இருக்கேன். ஆறு வருஷமா அடிசன் நோய், அதாவது அட்ரீனல் சுரப்பி உடம்புக்குத் தேவையான கார்டிசால் ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்காது. அதுக்குப் பதிலா ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை, காலையில 10, மதியம் 5, சாயங்காலம் 5 மி.கி. ஒரு வேளை தவறினாலும் உடம்பு துவண்டுடும். ஜூன்ல ஆபீஸ் வேலையா ஜெர்மனி போகணும், மூணு வாரம்.

மீனம்பாக்கம் செக்யூரிட்டியில அவசரத்துக்குப் போட்டுக்கற ஊசியும் அதே மருந்தோட 100 மி.கி. குப்பியும் கைப்பையில கொண்டுபோக டாக்டர் கடிதம் மட்டும் போதுமா? பெட்டியில போட மனசு வரல, தொலைஞ்சா உயிருக்கே ஆபத்து. போன வருஷம் டெல்லியில வாந்தி நிக்கல, மாத்திரை தங்கல. ஓட்டல் ரூம்ல கை நடுங்க நடுங்க நானே மருந்தைக் கலக்கிப் போட்டுக்கிட்டேன். கூட வந்தவருக்கு ஊசி போடத் தெரியாது, பாவம், அழுதுட்டார்.

ராத்திரி ஃப்ளைட், மூன்றரை மணி நேர வித்தியாசம். மாத்திரை நேரத்தை எப்படி மாத்திக்கிட்டீங்க? கூட வேலை செய்யறவங்களுக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்தீங்களா? டாக்டர்கிட்டயும் கேப்பேன். போய்ட்டு வந்தவங்க சொன்னா தைரியமா இருக்கும்.