மறு: ‘லிம்ப் மோடு’ – ‘கரைசேர் ஓட்டம்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழுது வந்ததும் வண்டி தானாக வலுவைக் குறைத்துக்கொண்டு, நின்றுவிடாமல் ஓடும் முறையைத்தான் ஆங்கிலத்தில் ‘லிம்ப் மோடு’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் இந்த இழையில் இதுவரை ஏழு சொற்கள் வந்திருக்கின்றன: நொண்டு நிலை, அவசர இயக்கம், தற்காப்பு நிலை, தளர்நடை, ஆமை நிலை, வீடுசேர் நிலை, ஒடுங்கு முறை. ஒரு வாரமாக எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பழைய வண்டிக்காரர்களுக்கான நம் சொற்பட்டியலில் இந்தச் சொல் வேண்டும் என்று கேட்டவன் நான் என்பதால், ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லுக்கான விடையும் அந்தக் கதையில்தான் கிடைத்தது.

என்னிடம் இருப்பது பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஈ90 வகை, 2 லிட்டர் பெட்ரோல், என்46 எஞ்சின். பிஎம்டபிள்யூ 2007 மார்ச்சில் செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்தபோது 3 சீரிஸையும் 5 சீரிஸையும்தான் முதலில் பாகம் பூட்டித் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு அங்கிருந்து வந்த வண்டி இது. நான் மூன்றாவது சொந்தக்காரன்.

போன ஐப்பசியில் ஒரு மாலை, திண்டிவனத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். நல்ல மழை. பரனூர் சுங்கச்சாவடியில் நின்று கிளம்பியதும் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஈரத் துணியை மிதித்த மாதிரி இருந்தது. மீட்டரில் பாதி நிரம்பிய எஞ்சின் படம் மஞ்சளாக எரிந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. ஓரம் கட்டி, சாவியை வெளியே எடுத்து, இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பச் செருகி ஸ்டார்ட் செய்தேன். ஐந்நூறு மீட்டர் ஒழுங்காகப் போனது. அப்புறம் பழையபடி அதே மஞ்சள். வண்டி பிறந்த ஆலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “மஞ்சளா, சிவப்பா?”

மஞ்சள் என்றேன்.

“மஞ்சள்னா இடதுபக்கமா மெதுவா உருட்டிட்டு வந்துடுங்க. ஏசி வேணாம். டெம்பரேச்சர் ஏதாவது சிவப்பா வந்துச்சுன்னா மட்டும் அங்கேயே சாவிய எடுத்துடுங்க, ஒரு அடிகூட நகர்த்தாதீங்க.”

வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போது மணி ஒன்பதரை. என் மனைவி கதவைத் திறந்துகொண்டே, “எப்படியோ கரைசேர்த்துடுச்சு” என்றார்.

சரி, இனி சொற்களுக்கு வருவோம்.

> ஆங்கிலத்தில் ‘லிம்ப்’ என்றால் நொண்டுவது. நொண்டு நிலை என்பதே நேரடி மொழிபெயர்ப்பு. ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

ஐயா, இரண்டு காரணங்களால் இதை நான் ஏற்கவில்லை. ‘நொண்டி’ என்று கேட்டுக் கேட்டுக் காயப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். புதிதாக ஒரு சொல் ஆக்கும் வாய்ப்பு கையில் இருக்கும்போது அந்தச் சொல்லை இன்னொரு இடத்தில் ஏன் நட வேண்டும்? மற்றது, மெக்கானிக் வழக்கில் வண்டி ‘நொண்டுது’ என்றால் வேறு பொருள். ஒரு சிலிண்டர் தீப்பற்றாமல் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடுவதைத்தான், அதாவது மிஸ்ஃபயரைத்தான், நான் போகும் பட்டறையில் அப்படிச் சொல்கிறார்கள். பரனூரில் என் எஞ்சின் சீராகத்தான் ஓடியது. வலுதான் இல்லை. பட்டறைக்குப் போய் ‘நொண்டுது’ என்று சொல்லியிருந்தால் முதலில் பிளக்கையும் காயிலையும் கழற்றியிருப்பார்கள்.

> ஜெர்மன் கையேடுகளில் இதற்கு ‘நோட்லாவுஃப்’ என்று இருக்கிறது. ‘நோட்’ என்றால் இடர், நெருக்கடி. அவசர இயக்கம் சரியாக வரும்.

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரத்து நண்பருக்கு நன்றி. இந்தத் தகவல்தான் எனக்கு அதிகம் உதவியது. ஆனால் நான் பிடித்துக்கொண்டது முன்பாதியை அல்ல, ‘லாவுஃப்’ என்ற பின்பாதியை. அதற்கு நேர் தமிழ் ‘ஓட்டம்’. நாமும் எஞ்சின் ‘ஓடுது’ என்றுதான் சொல்கிறோம். ‘எஞ்சின் இயங்குகிறது’ என்று எந்தப் பட்டறையிலும் நான் கேட்டதில்லை. ‘மோடு’ வந்த இடத்திலெல்லாம் ‘நிலை’ போடுவது நமக்குப் பழகிவிட்டது. நிலை என்பது ‘நில்’ என்ற வேரிலிருந்து வருவது. நிற்காமல் ஓட வைப்பதற்காகவே உண்டாக்கிய ஒன்றுக்கு அந்த வேர் பொருந்தவில்லை. ‘ஓட்டம்’ என்று முடித்தால் ஜெர்மானியர் நினைத்ததும் வரும், நம் பட்டறைப் பேச்சும் வரும். ‘அவசர’ மட்டும் வேண்டாம் என்பேன். அவசரம் என்றதும் வேகம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே வேண்டியது நேர் எதிரானது.

> என் ஈ39 (பழைய 5 சீரிஸ்) வண்டியில் ‘டிரான்ஸ் ஃபெயில்சேஃப் புரோக்’ என்று திரையில் எழுத்தாகவே வரும். அதையும் இதையும் ஒரே சொல்லால் குறிக்கலாமா?

இதுவும் டோர்ட்முண்ட் நண்பரே கேட்டது. நல்ல கேள்வி, சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியது.

ஃபெயில்சேஃப் என்பது பெரிய கருத்து. பழுது வந்தாலும் தீங்கு வராத பக்கமாகவே பொறி சாய வேண்டும் என்பது அது. பழைய ரயில் கைகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்தால் கை தானாக ‘நில்’ என்ற இடத்துக்கே போகும்படி எடை வைத்திருப்பார்கள். அங்கே தீங்கில்லாத பக்கம் என்பது நிற்பது. காரிலோ, நெடுஞ்சாலை நடுவில் நின்றுபோவதுதான் பெரிய தீங்கு. ஆகவே குறைந்த வலுவில் ஓடிக்கொண்டே இருப்பது தீங்கில்லாத பக்கம் ஆகிறது. லிம்ப் மோடு ஃபெயில்சேஃபின் ஒரு வகைதான். பெரியதற்கு வேறு சொல் தேடுவோம், அதைத் தனி இழையாக வைத்துக்கொள்ளலாம்.

நண்பரின் ஈ39-இல் நடப்பது கியர்பாக்ஸின் லிம்ப் மோடு. ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் எண்ணெயை வழிமாற்றிவிடும் சோலனாய்டு வால்வுகளுக்கு மின்சாரம் நின்றால், ஸ்பிரிங்கின் தள்ளுதலில் வால்வுகள் ஓர் இடத்தில் போய் உட்காரும். அப்போது எந்தக் கியர் விழுகிறதோ, வண்டி முன்னே போக அது ஒன்றுதான். பேட்டரி வலுவிழந்தாலே பழைய வண்டிகளில் இந்த எழுத்து வந்துவிடும். கியர்பாக்ஸே போய்விட்டது என்று பயந்து விற்றவர்கள் உண்டு. முதலில் வோல்டேஜைப் பாருங்கள்.

எஞ்சினில் நடப்பது வேறு மாதிரி. என் வண்டியில் இருப்பது வால்வெட்ரானிக் ஏற்பாடு. 2001-இல் 3 சீரிஸின் ஈ46 காம்பாக்ட் வண்டியின் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஎம்டபிள்யூ முதலில் கொண்டுவந்தது. மற்ற பெட்ரோல் எஞ்சின்களில் நாம் மிதிக்கும்போது த்ராட்டில் தகடு திறந்து காற்றை விடும். இதில் அந்தத் தகடு பெரும்பாலும் திறந்தபடியே இருக்கும். காற்றை அளப்பது, அது சிலிண்டருக்குள் நுழையும் இன்டேக் வால்வுகளே. அவை திறக்கும் உயரத்தை ஒரு சின்ன மோட்டார் கூட்டிக் குறைக்கும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் வரை. மோட்டார் திருப்பும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (மையம் விலகிய தண்டு) எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு சென்சார் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

என் வண்டியில் போனது அந்த சென்சார். எஞ்சின் மேல்மூடியான டேப்பட் கவரைக் கழற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஓரத்து ரப்பர் கேஸ்கெட் காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி துண்டு துண்டாக ஒடிந்து வந்தது. சென்சார் பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளேயிருந்து பழுப்பு நிற எண்ணெய் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று அண்ணனின் விரலில் இறங்கியது. எண்ணெய் புகவே கூடாத இடம் அது. கேஸ்கெட்டும் சென்சாரும் சேர்த்தே மாற்றினோம். சென்னையில் பழைய உதிரிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் எனக்கு எத்தனையோ சாமான் கிடைத்திருக்கிறது, கதவுக் கைப்பிடி, விளக்குக் கூடு, ஏன், ஒரு முழு இருக்கைகூட. சென்சாரை மட்டும் புதிதாக வாங்குங்கள் என்று எல்லாரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கவனியுங்கள். கோணம் தெரியாமல் போனதும் கணினி என்ன செய்தது? வால்வுகளை முழு உயரத்துக்குத் திறந்துவைத்துவிட்டு, சும்மா இருந்த த்ராட்டில் தகட்டை எழுப்பி, பழைய முறையில் காற்றை அளக்கச் சொன்னது. தெரிந்த பாதை அடைபட்டதும் தெரிந்த இன்னொரு பாதையில் வீடுவரை கொண்டுவந்தது. கியர்பாக்ஸில் கணினி கைவிட்ட பிறகு ஸ்பிரிங் கொண்டுவருகிறது. எஞ்சினில் கணினியே மாற்று வழி தேடிக் கொண்டுவருகிறது. வழி வேறு, நோக்கம் ஒன்று. அந்த நோக்கத்தைச் சொல்லும் பெயர்தான் இரண்டுக்கும் பொருந்தும். ஒடுங்கு முறை, ஆமை நிலை, தளர்நடை மூன்றும் வண்டி வெளியே எப்படித் தெரிகிறது என்று சொல்பவை. ‘தளர்நடை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அதைக் கேட்டதும் நடை பழகும் குழந்தைதான் கண்ணில் வருகிறது. அது அங்கேயே இருக்கட்டும். ஆமைப் படத்தை நிசான் லீஃப் மின்கார் ஏற்கெனவே மீட்டரில் போட்டிருக்கிறது, பேட்டரி தீரும்போது. அது பழுது அல்ல.

> தற்காப்பு நிலை என்பதில் நோக்கமும் இருக்கிறதே?

தோழி, இருக்கிறது, பாதி நோக்கம். எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது உண்மை. டீசல் ஈ90 வைத்திருக்கும் என் நண்பர் ரீமேப் போட்டு, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி, டர்போ அழுத்தத்தை ஏற்றினார். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் லிம்ப் மோடு. அழுத்தம் எல்லை மீறியதும் கணினி வலுவை வெட்டியது, அதுதான் தற்காப்பு. அதற்கு அவர் செய்யப் பார்த்தது, அந்தப் பிழைக் குறியீடே (எரர் கோடு) வராதபடி மென்பொருளில் அணைக்கச் சொன்னது. எங்கள் வாக்குவாதம் நள்ளிரவு வரை போனது. கடைசியில் ரீமேப்பைத் தணித்து, வெடித்திருந்த வேக்கம் குழாய்களை மாற்றிய பிறகுதான் வண்டி சரியானது. ஆனால் தன்னைக் காப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எஞ்சினை அணைத்துவிட்டால் போதுமே? அணைக்காமல் ஓடுவது உள்ளே இருப்பவர்களுக்காக. ‘தற்காப்பு’ அந்தப் பாதியை விட்டுவிடுகிறது.

மிஞ்சுவது வீடுசேர் நிலை. பொருள் மிகச் சரி. ஆனால் வண்டி எப்போதும் வீட்டுக்கா போகிறது? பட்டறைக்கோ, அடுத்த பெட்ரோல் பங்குக்கோ போகலாம். ‘கரை’ என்றால் எல்லாம் அடங்கும். எங்கே கால் ஊன்ற முடியுமோ அதுவே கரை.

ஆகவே என் பரிந்துரை: கரைசேர் ஓட்டம்.

> கரைசேர்ப்பது என்றால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது என்றுதான் எங்கள் ஊரில் நினைப்பார்கள்.

நினைக்கட்டுமே ஐயா. கடன், படிப்பு, கல்யாணம் என்று சிரமப்பட்டு முடித்த எல்லாவற்றுக்கும் நாம் இதைத்தானே சொல்கிறோம். வேகமாகவோ அழகாகவோ போய்ச் சேர்ந்தவனை யாரும் ‘கரைசேர்ந்தான்’ என்பதில்லை. ஏற்கெனவே அந்தப் பொருளைச் சுமக்கிற சொல்லை வண்டிக்குக் கொடுத்தால் விளக்கம் தேவைப்படாது. இலக்கணம் பார்ப்பவர்களுக்காக: வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொதுவானது, வலி மிகாது. சேர்த்து எழுதினால் ‘கரைசேரோட்டம்’ ஆகும். பிரித்தே எழுதலாம் என்பது என் எண்ணம்.

நேற்று மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டு, “வண்டி கரைசேர்ல போயிடுச்சுன்னு சொல்லலாம்” என்றார். ‘ஓட்டம்’ பேச்சில் உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. உதிர்ந்தாலும் பொருள் நிற்கிறது.

ஒரே ஒரு பயம் எனக்கு இருக்கிறது. இந்தப் பெயர் தைரியம் கொடுக்கிறது. சிவப்பு விளக்கு வந்தபோதும் ‘கரைசேர்த்துவிடும்’ என்று யாராவது ஓட்டிவிடக் கூடாது. 5 சீரிஸ் ஈ60-இல் வந்த என்52 எஞ்சினுக்கு வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அது நின்றால் முன்கூட்டிப் பெல்ட் சத்தமோ வேறு அடையாளமோ இருக்காது, வெப்பம் ஏறிவிடும். அப்போதும் கணினி வலுவைக் குறைக்கும், ஆனால் அங்கே ஓட்டக் கூடாது. சில நிமிடத்தில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். எனவே விளக்கத்திலேயே இதை எழுதிவிட வேண்டும். வரைவு இதோ:

கரைசேர் ஓட்டம் (பெயர்ச்சொல்): எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பழுது நேரும்போது, மேலும் கெடாமலும் வழியில் நின்றுவிடாமலும் இருக்க, குறைந்த வலுவில் அல்லது ஒரே கியரில் வண்டி ஓடும் முறை. மஞ்சள் எச்சரிக்கையுடன் வந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறை சேரலாம். சிவப்பு எச்சரிக்கையோ வெப்ப ஏற்றமோ உடன் இருந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். எடுத்துக்காட்டு: சென்சார் பழுதானதால் வண்டி கரைசேர் ஓட்டத்துக்கு மாறியது.

மறுப்பு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். டோர்ட்முண்ட் நண்பர் ஈ39-இன் கையேட்டில் அந்த எழுத்துக்குக் கீழே என்ன விளக்கம் இருக்கிறது என்று பார்த்து அனுப்பினால், கியர்பாக்ஸுக்கு என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
பரனூரில் மாட்டிக்கொண்டவன்